அணுகுண்டு படிச்ச பிள்ளைய யாருங்க கட்டிக்குவாங்க?

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் வந்திருந்தது. அப்பா சாயப்பட்டறை வைத்திருக்கிறார். மகள் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். அணு, ரசாயன ஆயுதங்கள் போன்ற பேரழிவு ஆயுதங்கள், உலகப் பாதுகாப்பு பற்றி மேலே படித்து, அதையே கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டும் என்கிறாள். பெரியப்பாவோ பெங்களூரில் எம்.பி.ஏ. சீட் பேசி, முன்பணம் கட்டத் தேதியும் குறித்துவிட்டார். தலைப்பில் இருப்பது அம்மாவின் கேள்வி.

முதலில் நானும் "அவசரப்படாதீங்க, பார்க்கலாம்" என்று சமாதானமாகத்தான் பேசினேன். பெரியப்பா எழுதிக் கொடுத்த தொகையைப் பார்த்ததும் சமாதானம் பேசியது போதும் என்று தோன்றிவிட்டது. பதினெட்டு லட்சம், பட்டறையை அடமானம் வைத்து. "அண்ணா, இதைக் கட்டாதீங்க. பெரியப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், தவணை கட்டப்போவது நீங்கள்" என்றேன்.

அப்புறம் அந்தப் பெண்ணிடம், ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டேன். பட்டறையில் ஒரு டிரம்மின் மேல் பார்த்த பெயரில் ஆரம்பித்ததாம். தயோடைகிளைக்கால். சாயத்திலும் அச்சு மையிலும் கரைப்பானாகப் பயன்படுவது. கடுகு வாயுவுக்கும் அது மூலப்பொருள். 1980களின் போரில் ஈரானியர் மேல் இராக் வீசிய வாயு அது. அதனால்தான் 1997இல் நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையில், கண்காணிக்க வேண்டிய ரசாயனங்களின் இரண்டாம் அட்டவணையில் தயோடைகிளைக்கால் இருக்கிறது. "அந்த டிரம்மா?" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஆர்வத்தை எந்த எம்.பி.ஏ.வில் கொண்டுபோய் வைப்பது?

வழக்கமான படிப்புகளை நான் சொல்லப்போவதில்லை. அதற்குத் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறது. பலர் கண்ணில் படாத ஒன்றைச் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகள் துறை இருக்கிறது. பட்டாளத்தில் சேர்வதற்கான பயிற்சி என்று நினைத்து நிறையப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை. அணுக் கொள்கை, ஆயுதக் குறைப்பு, உடன்படிக்கைகள் எல்லாம் இந்தப் படிப்பில் வரும். தில்லிக்கு அனுப்ப மனம் இருந்தால் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆயுதக் குறைப்பைப் பெயரிலேயே வைத்திருக்கும் மையம் உண்டு, கட்டணமும் மிகக் குறைவு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் பாதுகாப்பு ஆய்வுகள் தனிப் பாடம். அதிலேயே ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையும் வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாயுடன் முனைவர் பட்டத்துக்குப் போகலாம்.

இதில் வேதியியல் பட்டம் வீணாகாது, அதுதான் கையிருப்பு. அரசியல் அறிவியல் ஆசிரியர்களில் பலருக்கு மூலக்கூறு தெரியாது. வேதியியல் ஆசிரியர்களில் பலர் உடன்படிக்கையைப் படித்ததில்லை. வேதியியல் அறிவு ஆயுதத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள, வேதியியலாளர்களுக்கான ஹேக் நெறிமுறைகள் 2015இல் வந்தன. அவற்றை வகுப்பில் சொல்ல, முதலில் ஆசிரியர்களுக்கே யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த இடத்தில் இந்தப் பெண் நிற்கலாம். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் அமைப்பும் நெதர்லாந்தின் ஹேக் நகரில்தான் இருக்கிறது. 2013இல் அதற்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தியத் தொழிற்சாலைகளுக்கும் அதன் ஆய்வாளர்கள் வந்து போகிறார்கள்.

சரி, ஒன்றை மறைக்க முடியாது. கல்லூரிகளில் இந்தத் துறைக்கான பணியிடங்கள் குறைவு. அதனால் ஊன்றிக்கொள்ள இன்னொரு காலும் வேண்டும், அது ஏற்றுமதித் துறை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் பயன்படக்கூடிய பொருள்களை ஏற்றுமதி செய்ய அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். பின்னணியில் 2005இன் பேரழிவு ஆயுதச் சட்டம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆயுதத்துக்குப் பணம் கொடுப்பதையும் 2022இல் திருத்தம் போட்டுத் தடுத்தார்கள். ரசாயனம், இயந்திரம், மின்னணுப் பொருள் ஏற்றுமதி செய்கிற நிறுவனங்களுக்கு இந்தப் பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆள் தேவை. ரசாயனப் பெயரைப் பார்த்ததும் அடையாளம் காண்கிறவள் அங்கே பிழைத்துக்கொள்வாள்.

பெண்ணிடமும் கண்டிப்பாகச் சொன்னேன்: "லண்டன், அமெரிக்கா என்று கடன் வாங்கிக்கொண்டு இப்போதே கிளம்பாதே கண்ணு. உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்டத்துக்குப் போ." முகம் கொஞ்சம் சுருங்கியது. பரவாயில்லை.

மாப்பிள்ளைக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதற்கு நான் கட்டணமும் வாங்குவதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். அடுத்த முறை பழைய நெட் வினாத்தாள்களோடு வரச் சொல்லியிருக்கிறேன். படியிறங்கும்போது அப்பா மகளிடம், அந்த டிரம் வாங்கின பில்லைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.