உவாஸ்கர்: இரண்டு கொடிகளின் கீழ் ஒரு கவசக் கப்பல் (கேள்வி பதில்)

ஆரம்பகாலக் கவசக் கப்பல்கள் (இரும்புத் தகடு போர்த்திய போர்க்கப்பல்கள்) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் உவாஸ்கரைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். சரி, இன்று அது மட்டும்.

முருகேசன்: இதை யார், எதற்காகக் கட்டினார்கள் சார்?

பெரு நாடு ஸ்பெயினோடு மோதிக்கொண்டிருந்த நேரம். இங்கிலாந்தில், பிர்கன்ஹெட்டில் இருந்த லேர்ட் கப்பல் கட்டும் தளத்தில் கட்டினார்கள். 1865 அக்டோபர் 7 அன்று நீரில் இறங்கியது. தென்னமெரிக்காவுக்கு வந்து சேர்வதற்குள் பெரிய சண்டையெல்லாம் முடிந்துவிட்டது. பெயர் ஓர் இன்கா அரசருடையது.

தேன்மொழி: கவசம் எவ்வளவு தடிமன்? எத்தனை பீரங்கிகள்?

நடுப்பகுதியில் நாலரை அங்குல இரும்பு. முனைகளை நோக்கிப் போகப்போக மெலியும். பெரிய பீரங்கி இரண்டே இரண்டு, 10 அங்குல வாய் கொண்டவை, இரண்டும் ஒரே சுழல் கோபுரத்துக்குள். அந்தக் கோபுரத்தை ஆட்கள் கையால்தான் சுற்ற வேண்டும். முழுச் சுற்றுக்குக் கால் மணி நேரம் ஆகும். அதனால் முகப்பால் எதிரியை முட்டுவதும் ஓர் ஆயுதமாகவே இருந்தது.

இம்ரான்: உலகின் முதல் டார்பிடோ இதன் மேல்தான் ஏவப்பட்டதாமே?

நீருக்கடியில் தானாக ஓடிப்போய் வெடிக்கும் வைட்ஹெட் டார்பிடோ போரில் முதல்முறை ஏவப்பட்டது இதை நோக்கித்தான். 1877 மே மாதம், பியரோலா என்ற அரசியல்வாதியின் ஆதரவாளர்கள் கப்பலைக் கைப்பற்றி, வழியில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களையும் தொந்தரவு செய்தார்கள். பிரிட்டன் 'ஷா', 'அமெதிஸ்ட்' என்ற இரண்டு கப்பல்களை அனுப்பியது. இரண்டுக்கும் கவசம் கிடையாது. மே 29 அன்று மணிக்கணக்காகச் சுட்டும் உவாஸ்கரை மூழ்கடிக்க முடியவில்லை. டார்பிடோவும் குறி தவறியது.

கவிதா: பெருவிலும் சிலியிலும் இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் அண்ணா?

1879-ல் இரு நாடுகளுக்கும் போர். மே 21 அன்று இக்கீக்கே துறைமுகத்துக்கு எதிரே சிலியின் பழைய மரக்கப்பல் 'எஸ்மரால்டா'வை உவாஸ்கர் மூன்று முறை முட்டி மூழ்கடித்தது. முதல் முட்டலிலேயே சிலித் தளபதி அர்த்தூரோ பிராட் வாளோடு உவாஸ்கரின் தளத்தில் குதித்தார், அங்கேயே இறந்தார். பெருவின் தளபதி மிகெல் கிராவ் தண்ணீரில் தத்தளித்த எதிரி மாலுமிகளைக் காப்பாற்றினார். பிராட்டின் வாளையும் உடைமைகளையும் ஒரு கடிதத்தோடு அவருடைய மனைவிக்கு அனுப்பி வைத்தார். இத்தனைக்கும் அதே நாளில் பெருவின் இன்னொரு கவசக் கப்பலான 'இண்டிபெண்டென்சியா' பாறையில் மோதி நாசமாகியிருந்தது. அதன்பின் சில மாதங்கள் உவாஸ்கர் ஏறக்குறையத் தனியாகவே சிலிக் கடற்படையை அலையவிட்டது. கிராவின் துணிச்சலைவிட அந்தக் கடிதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஜோசப்: அப்புறம் எப்படிப் பிடிபட்டது?

அதே ஆண்டு அக்டோபர் 8, அங்காமோஸ் என்ற கடல்முனைக்கு அருகே. சிலியின் 'கோக்ரேன்', 'பிளாங்கோ என்கலாடா' இரண்டும் பத்தாண்டு புதியவை, கவசம் 9 அங்குலம் வரை. அவற்றின் குண்டுகள் உவாஸ்கரின் இரும்பைத் துளைத்தன. கிராவ் இறந்தார். அடுத்தடுத்துப் பொறுப்பேற்றவர்களும் செத்தோ காயப்பட்டோ விழ, கடைசியாகப் பொறுப்பில் இருந்த பெத்ரோ கரேசோன் கப்பலை மூழ்கடிக்க அடித்தள வால்வுகளைத் திறக்கச் சொன்னார். சிலி வீரர்கள் ஏறிவந்து துப்பாக்கியைக் காட்டி மூட வைத்தார்கள். அது மட்டும் தாமதமாகியிருந்தால் இன்று கப்பலே இல்லை.

முருகேசன்: சிலியிடம் போன பிறகு?

பழுது பார்த்து உடனே போருக்கு அனுப்பினார்கள். 1880 பிப்ரவரியில் அரிக்கா துறைமுகத்தில் அதன் புதிய தளபதி மனுவேல் தாம்சனும் இதே தளத்தில் இறந்தார். 1891 உள்நாட்டுப் போரிலும் பங்கெடுத்தது. பிறகு கொதிகலன் வெடித்து ஓய்வு. ஆனாலும் உடைக்கவில்லை; 1917 முதல் 1930 வரை நீர்மூழ்கிகளுக்குத் துணைக்கப்பலாக வைத்துக்கொண்டார்கள். போர்க்களத்தில் 14 ஆண்டுகளில் பழசாகிப்போன கப்பல், துறைமுகத்தில் சில்லறை வேலை பார்த்தே பிழைத்தது. 1950களின் தொடக்கத்தில் பழைய தோற்றத்துக்குச் சீரமைத்து, சிலியின் தால்கவானோ துறைமுகத்தில் நினைவுக் கப்பலாக்கினார்கள். 2010 சுனாமி அந்த ஊரைப் புரட்டிப் போட்டபோதும் இது மிதந்துகொண்டுதான் இருந்தது.

செல்வி: பெருவுக்குத் திருப்பிக் கொடுக்கலாமே?

அந்தக் கோரிக்கை அவ்வப்போது எழும். ஆனால் கிராவ், பிராட், தாம்சன் மூவரையும் சேர்த்துத்தான் கப்பலில் நினைவுகூர்கிறார்கள். யாருடைய கல்லறையை யார் எடுத்துப் போவது? என் கருத்தில், இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

இம்ரான்: மிதக்கும் கவசக் கப்பல்களில் இதுதான் பழையதா?

இல்லை, 1860-ல் நீரில் இறங்கிய 'வாரியர்' இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் நிற்கிறது. அதற்குச் சண்டை அனுபவம் கிடையாது. பல ஆண்டுகள் எண்ணெய் நிரப்பும் மிதவையாக வேலை பார்த்தது.