பகலில் டயட், இரவில் பிஸ்கட்

அன்புள்ள டாக்டருக்கு,

எனக்கு வயது 36. பத்து வருடங்களாக ஏதாவது ஒரு டயட்டில்தான் இருக்கிறேன். காலையில் எழுந்ததும் எடை பார்ப்பேன். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் அன்றைக்கு என் மனநிலை. காலை உணவு கிடையாது. மதியம் அளந்து கொஞ்சம். அலுவலகத்தில் யாராவது இனிப்பு நீட்டினால் வேண்டாம் என்பதில் ஒரு பெருமை. ஆனால் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, பல நாள் சமையலறையில் நின்றபடியே ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்று தீர்க்கிறேன். ருசிகூடத் தெரிவதில்லை. காலி உறையைக் குப்பைக்கு அடியில் மறைக்கிறேன். மறுநாள் தண்டனையாக இன்னும் குறைத்துச் சாப்பிடுகிறேன்.

உள்ளுணர்வின்படி சாப்பிடும் முறை பற்றிக் கேள்விப்பட்டேன். பசித்தால் சாப்பிடு, எதற்கும் தடையில்லை என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. தொடங்கினால் நிறுத்தவே மாட்டேன். போன வாரம் என் 9 வயது மகள் தட்டைத் தள்ளிவிட்டு, "சாப்பிட்டா குண்டாயிடுவேன்மா" என்றாள். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. எனக்கு ஏன் கட்டுப்பாடே இல்லை?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டுப்பாடு இல்லை என்கிறீர்கள். அரைவயிற்றோடு பகல் முழுவதும் ஓடும் ஒரு பெண்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார். பகலில் வைத்த பாக்கியை உடம்பு இரவில் வசூலிக்கிறது. உங்கள் குணத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் ஏறக்குறைய பாதி உணவு மட்டும் கொடுத்தார்கள். டயட் பற்றி யோசித்தே பழகாதவர்கள் அவர்கள். போகப் போக நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்புதான். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு, வயிறு கொள்ளாத அளவு சாப்பிட்டும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. அந்த இளைஞர்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கிறது. அவர்களைப் பார்த்து மனவுறுதி இல்லாதவர்கள் என்று சொல்வீர்களா?

அதனால் இரவு பிஸ்கட்டை நிறுத்தும் முயற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். காலை உணவிலிருந்து தொடங்குங்கள். "பசித்தால் சாப்பிடு" என்பது நல்ல வழிதான், ஆனால் பல வருடம் பசியை அடக்கியவர்களுக்கு அந்த உணர்வே மழுங்கிப் போயிருக்கும். கொஞ்ச நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பசி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், வயிறார சாப்பிடுங்கள். உடம்புக்கு நம்பிக்கை வந்த பிறகு பசி தானாகக் குரல் கொடுக்கும். அப்புறம் அதைக் கேட்டு நடக்கலாம்.

அடுத்து, அந்த பிஸ்கட்டைப் பகலில், தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டில் உள்ளவர்கள் பார்க்கட்டும். முதல் சில வாரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிடக்கூடும்; நீங்கள் பயப்படுவது இதற்குத்தான். பயந்து மறுபடி தடை போட்டால் பழைய சுற்றுக்கே திரும்புவீர்கள். எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று ஆன பொருளின் மீது வெறி மெல்லத் தணியும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும் என்பதால், நிதானமாகச் சாப்பிடுவதே பாதி உதவி. எடை மெஷினைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

நன்றாகச் சாப்பிட்ட நாளிலும் இரவில் கை பிஸ்கட்டைத் தேடினால், அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். களைப்பா, தனிமையா, விழுங்கிக்கொண்ட கோபமா? தெரிந்த பிறகும் சாப்பிடத் தோன்றினால் சாப்பிடுங்கள், பரவாயில்லை. மறுநாள் தண்டனை மட்டும் வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இப்படிக் கட்டுமீறிச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதங்களாக நடக்கிறது என்றால், அல்லது வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது என்று போயிருந்தால், மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் உணவு நேரத்தை மாற்றும் முன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

மகள் விஷயம். யாராவது அவளைக் கேலி செய்தார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். உங்கள் உடம்பையோ மற்றவர் உடம்பையோ பற்றி அவள் முன் குறை பேச வேண்டாம். ஒருவேளையாவது அவளோடு உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடுங்கள். தொடர்ந்து உணவைத் தவிர்த்தால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நாளைக் காலை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு வாரம் கழித்து, இரவுகள் எப்படிப் போகின்றன என்று எனக்கு எழுதுங்கள்.