மஞ்சளேறிய லெகோ கட்டைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1980-களின் லெகோ கட்டைகள். வெள்ளை மஞ்சளாகி, நீலம் பச்சை தட்டிக் கிடக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லையே?

பதில்: அழுக்காக இருந்தால்தானே போகும்! கட்டையின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் ரப்பர் தன்மை தரும் பியூட்டாடையீன் என்ற பொருள் இருக்கிறது. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அதைத் தாக்குவதால் மேல்பரப்பே நிறம் மாறுகிறது. நீலத்தின் மேல் அந்த மஞ்சள் படிந்தால் பச்சையாகத் தெரியும். வெகுநாள் ஒட்டியிருந்த இரண்டு கட்டைகளைப் பிரித்துப் பாருங்கள்: மூடியிருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

முதலில் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, 40 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் பாத்திர சோப்பும் பழைய டூத் பிரஷும் கொண்டு கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் திட்டுத்திட்டாக வெளுக்கும். பிறகு கண்ணாடிப் பாத்திரத்தில் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு (நிறத்தை வெளுக்கும் திரவம்) ஊற்றி, கட்டைகளை மூழ்கவைத்து வெயிலில் வையுங்கள். கையில் இருப்பது 6% என்றால் சம அளவு தண்ணீர் கலந்தால் போதும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஆக்சிஜன் குமிழிகள் உட்குழிவில் சேர்ந்து கட்டையை மேலே தூக்கிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தில் கோடு விழும். பிளாஸ்டிக் சல்லடை ஒன்றைக் கவிழ்த்து அழுத்திவைத்து, மணிக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். மூடியை இறுக்கக் கூடாது. வாயு சேர்ந்து பாத்திரம் வெடிக்கலாம். நல்ல வெயிலில் 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். மோசமானவற்றுக்கு மறுநாள் புதுக் கரைசல். போதுமான நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று விட்டால் சாம்பல் பூத்ததுபோல் வெளிறிவிடும், அதற்கு மாற்று கிடையாது.

கேள்வி: முடி வெளுக்கும் 12% பெராக்சைடு கிரீம் பூசினால் சீக்கிரம் முடியுமாமே?

பதில்: முடியும், கெடவும் கெடும். கிரீம் காய்ந்த இடம் ஒரு நிறம், ஈரமான இடம் ஒரு நிறம் என்று வரிவரியாகிவிடும். பாத்திரத்தில் அடங்காத பெரிய தளத்தட்டு தவிர வேறெதற்கும் வேண்டாம்.

கேள்வி: எவற்றை ஊறவைக்கக் கூடாது?

பதில்: ஸ்டிக்கர் ஒட்டியவை, குரோம் பூச்சுள்ளவை, உலோக அச்சுள்ள சக்கரங்கள், மோட்டார்கள். லெகோ 1963-இல்தான் ஏ.பி.எஸ்.-க்கு மாறத் தொடங்கியது. அதற்கு முந்தியவை செல்லுலோஸ் அசிடேட். கோணிக்கொள்ளும் பொருள் அது. ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள், அவ்வளவே.

கேள்வி: கட்டைகள் பிடிக்காமல் கழன்று விழுகின்றன. கீறலும் நிறைய.

பதில்: வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சுவர்களைப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் சுவர் விரிந்து கொடுக்கும், பிடிமானம் போய்விடும். பசை போட்டு ஒட்டினாலும் பழைய இறுக்கம் வராது. அவற்றைப் பாரம் தாங்காத இடத்தில் வையுங்கள். கீறலுக்கு 1500, பிறகு 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பிளாஸ்டிக் பாலிஷ் போடலாம். வெளிச்சுவரில் மட்டும்! மேல் குமிழையோ உட்பக்கத்தையோ தொட்டால், இழைத்த அந்த நூலளவே பிடிமானத்தைக் கெடுத்துவிடும். பல் பதிந்த கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கேள்வி: மறுபடி மஞ்சளாகுமா?

பதில்: ஆகலாம். வெயில் படாத பெட்டியில் வைத்தால் தாமதமாகும்.