டாட்ஜ் வெப்பன்ஸ் கேரியர்: வலது பின் ஆக்சில் ரெண்டாம் தரமும் ஒடிஞ்சா

ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுத்துற தண்டு) ஒடிஞ்சதுன்னு இன்னும் கனமா ஒண்ணு செய்யச் சொல்லி லேத்தில் பணத்தைக் கொட்டாதீங்க அண்ணே. உங்க 1943 ராணுவ வண்டியில் ஒரே பக்கம், ஃபிளாஞ்ச் (ஹப்போட போல்ட் ஆகிற தட்டு) ஓரத்திலேயே ரெண்டு தரம் ஒடிஞ்சிருக்குன்னா எனக்கு ஹப் பேரிங் மேலதான் சந்தேகம்.

அந்த முக்கால் டன் டாட்ஜுக்குப் பின்னாடி ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில். நீங்க ஆத்தங்குடிக் கல் ஏத்தினாலும் பாரத்தைத் தாங்குறது ஹவுசிங்கும் (ஷாஃப்டைச் சுத்தியிருக்கிற இரும்புக் குழாய்) பேரிங்கும். ஷாஃப்டுக்குச் சக்கரத்தைச் சுத்துற வேலை மட்டும்தான். பேரிங் தளர்ந்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஷாஃப்ட் வளைஞ்சு நிமிரும், கம்பியை மடிச்சு மடிச்சு ஒடிக்கிற மாதிரி.

ஒடிஞ்ச முகத்தை டீசல் போட்டுத் துடைச்சு வெயிலில் பாருங்க. சிப்பி ஓட்டு வரி மாதிரி வழவழன்னு வளையம் இருந்து, மிச்ச இடம் மட்டும் சொரசொரன்னு இருந்தா பல நாள் விரிசல். ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையில இருக்கிற பல் வரி) கயிறு மாதிரி முறுக்கியிருந்தா கதை வேற: தேவகோட்டைத் தார் ரோட்டில் முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற லீவரைப் போட்டே ஓட்டியிருப்பீங்க. அந்த லீவர் கண்மாய் மணலுக்கு மட்டும்.

ஷாஃப்டை உருவிட்டு, ஜாக்கி வச்சு, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. லொடலொடன்னா நட்டை இறுக்குறதோட விடாம பேரிங்கைக் கழற்றிப் பாருங்க. ஆடலைன்னா ரெண்டு டயரிலும் சாக்பீஸ் கோடு போட்டு இடைவெளியை முன்னாடி அளந்து, அரைச் சுத்து சுத்திப் பின்னாடியும் அளங்க. வித்தியாசம் வந்தா ஹவுசிங் வளைஞ்சிருக்கு.

ஒண்ணு, மறக்காதீங்க. இதில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, பின் ஆக்சிலுக்குப் போற புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கு. ஒரு பக்க ஆக்சிலை உருவினாலே பின் சக்கரம் எதையும் அது பிடிக்காது. முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்த பிறகே போல்ட்டில் கை வைங்க.