ஆவணப்படம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் உடல் எடை சம்பந்தப்பட்டவை. நான் டாக்டர் இல்லை, எடை குறைக்க வழி சொல்லப் போவதும் இல்லை. காசு கொடுத்து வாங்கும் பொருளில் என்ன இருக்கிறது, ஏமாந்துபோனால் எங்கே போய்க் கேட்பது, அதை மட்டும் பேசலாம்.

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் உடல் பருமன் எப்படிக் கூடியது என்று ஒரு ஆவணப்படம் பார்த்தேன். 1960களின் தொடக்கத்தில் அங்கே பெரியவர்களில் நூற்றுக்கு 13 பேர் அளவில் இருந்தது இப்போது 40ஐத் தாண்டிவிட்டதாம். குளிர்பான பாட்டிலும் தட்டும் எப்படிப் பெரிதாகிக்கொண்டே போயின என்று காட்டினார்கள். என் வீட்டுக்காரர், "அவன் பர்கர் தின்கிறான், நாம சோறும் மீனும்தானே" என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் மகனுக்கு 9 வயது, 46 கிலோ. கடையில் எதை வாங்குவதை நிறுத்த வேண்டும்? (திங்கள்சந்தை வாசகி)

பதில்: உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்று மத்திய அரசு எடுக்கிறதே, அதில் தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை கூடியவர்களும் உடல் பருமன் உள்ளவர்களும் சேர்ந்து 2015-16ல் நூற்றுக்கு 30.9 பேர், 2019-21ல் 40.4 பேர். ஆண்கள் 28.2ல் இருந்து 37க்கு வந்துவிட்டார்கள். அதே சமயத்தில் இந்தியா முழுவதற்குமான கணக்கு பெண்களுக்கு 24, ஆண்களுக்கு 22.9தான். அதாவது நாம் நாட்டின் சராசரியை எப்போதோ தாண்டிவிட்டோம், பர்கர் தின்னாமலே.

நாலைந்து வருஷத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பெண்கள் கூடியிருக்கிறார்கள் என்றால் அதைத் தனி ஆளின் சோம்பேறித்தனம் என்று எப்படிச் சொல்வது? வேலை மாறியிருக்கிறது, நடை குறைந்திருக்கிறது, அதோடு நம் கடையும் மாறியிருக்கிறது. கடையைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும். அதற்கு முன்னால் ஒன்று, உங்கள் மகனை வீட்டில் யாரும் குண்டன் என்று கூப்பிட விடாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. அந்த எடை அவன் உயரத்துக்குச் சரியா என்பதைக் குழந்தைகள் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

படத்தில் பாட்டில் பெரிதானதைக் காட்டினார்கள் என்றீர்கள். அமெரிக்காவில் அந்தப் பழைய கோலா பாட்டில் ஆறரை அவுன்ஸ், நம் கணக்கில் 190 மில்லி சொச்சம். நம் ஊரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கலர் என்று குடித்ததும் 200 மில்லி கண்ணாடி பாட்டில்தான், அதுவும் கோயில் கொடைக்கோ கிறிஸ்துமஸுக்கோ, கடையிலேயே நின்று குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்போது பிரியாணி வாங்கினால் முக்கால் லிட்டர் பாட்டில் கூடவே வருகிறது, மூடி போட்டிருப்பதால் வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜில் ஏறி நாலு நாள் குடிக்கப்படுகிறது. கோலாவில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. அந்த 200 மில்லியில் 20 கிராம் சொச்சம், முக்கால் லிட்டரில் கிட்டத்தட்ட 80 கிராம், 16 டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது.

அடுத்து, பாலில் கலக்கும் பவுடர். உங்கள் வீட்டிலும் இருக்கும் என்றே நினைக்கிறேன், பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தானே எல்லாரும் வாங்குகிறோம். டின்னைத் திருப்பி, 100 கிராமுக்கு என்று போட்டிருக்கும் வரிசையில் 'சேர்த்த சர்க்கரை' எவ்வளவு என்று பாருங்கள். 30 கிராம் பக்கமோ அதற்கு மேலோ இருக்கிற டின்கள் உண்டு. பக்கத்திலேயே 'ஒரு பரிமாறலுக்கு' என்று ஒரு வரிசை இருக்கும், அதில் எண் சின்னதாகத் தெரியும், ஏனென்றால் பரிமாறல் எவ்வளவு என்பதைக் கம்பெனியே முடிவு செய்கிறது. 20 கிராம் என்று அவர்கள் எழுதுவார்கள், நாம் கூம்பாக மூன்று ஸ்பூன் அள்ளிப் போட்டு அதற்கு மேல் ஒரு ஸ்பூன் சீனியும் போடுவோம். தினசரித் தேவையில் இத்தனை சதவீதம் என்று ஒரு எண் வேறு இருக்கிறது. அது 2000 கலோரி சாப்பிடும் பெரிய ஆளுக்கு, நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்று வைத்துப் போட்ட கணக்கு, 9 வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே நம் உணவுச் சட்டத்தில் கிடையாது என்று சொல்லி, 2024 ஏப்ரலில் இந்தப் பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசே அறிவுறுத்தியது. அந்தப் பேர்தான் நீங்கியது, டின்னுக்குள் இருப்பது நீங்கவில்லை.

நம் குமரி மாவட்டத்தில் இன்னொன்றும் சேரும். வளைகுடாவில் இருக்கும் அத்தானோ மாமாவோ லீவில் வரும்போது கொண்டுவரும் ஆரஞ்சுப் பொடி. பாசத்தோடு சுமந்து வருகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் சேர்மானப் பட்டியல், எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொடிகளில் முதல் பெயரே சர்க்கரை. அடுத்த முறை பேரீச்சம்பழமும் பாதாமும் கொண்டு வரச் சொல்லுங்கள், அதிலும் பாசம் குறையாது.

எதை நிறுத்துவது என்று கேட்டீர்கள், நான் சொல்வது ஒன்றே ஒன்று: குடிக்கிற சர்க்கரை. கலர், டப்பா ஜூஸ், பொடி, பவுடர். பப்ஸையும் பழம்பஜ்ஜியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை ஒளித்து வைத்துத் தின்னத் தொடங்குவான். பதிலுக்கு வீட்டில் ஒரு சீப்பு மட்டிப்பழம் தொங்கட்டும், கை எட்டுகிற உயரத்தில்.

இந்த விஷயத்தில் நம் அரசிடம் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சிலி நாட்டில் 2016லேயே சர்க்கரை கூடின பாக்கெட்டின் முகத்தில் கறுப்பு எண்கோணம் போட வைத்துவிட்டார்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குக்கூடப் புரியும். இங்கே 2022ல் வந்த வரைவு விதி, பாக்கெட்டுக்கு நட்சத்திரம் கொடுக்கலாம் என்றது. சர்க்கரை டப்பாவுக்கு இரண்டு நட்சத்திரம் போட்டால் அதைப் பார்க்கிறவர்கள் பரிசு என்றுதான் நினைப்பார்கள். எச்சரிக்கை எச்சரிக்கையாகவே தெரிய வேண்டும்.

கேள்வி: நான் ரப்பர் பால்வெட்டு வேலைக்குப் போகிறேன். தெரிந்த ஒரு அக்கா எடை குறைக்கும் பவுடர் என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டு, ஒரு மாதத்தில் 10 கிலோ குறையும் என்று சொல்லி 8,600 ரூபாய்க்கு மூன்று டப்பா தந்தார். பில் இல்லை. இரண்டு வாரத்தில் வயிற்றுவலியும் தலைசுற்றலும். திருப்பித் தரப் போனால், விற்ற பொருளை எடுக்க மாட்டோம், உடம்பில் உள்ள நஞ்சு வெளியே போகிறது, தொடர்ந்து குடி என்கிறார். (குலசேகரம் வாசகி)

பதில்: முதலில் அதைக் குடிப்பதை நிறுத்துங்கள், தங்கச்சி. வலி வந்தால் பொருள் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்பது விற்கிறவர் சொல்லும் பேச்சு. டப்பாவோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டி, அவர் எழுதிய சீட்டைப் பத்திரமாக வையுங்கள். விடிகாலையில் எழுந்து ரப்பர் மரம் மரமாக ஓடிச் சேர்த்த காசு அது, விட்டுவிடாதீர்கள்.

விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்பது கடைக்காரர் போட்டுக்கொண்ட வழக்கம்தான், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் கொடுக்காமல் விற்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. உங்களுக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது, அதனால் இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலேயே போதும், "இன்ன தேதி வாங்கினேன், இன்ன தொகை கொடுத்தேன், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று. அவர் விளம்பரமாக அனுப்பிய படத்தையும் செய்தியையும் அழித்துவிடுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஜிபேயில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே சாட்சி.

டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போக அதுவே போதும். இருந்தாலும்கூட, உணவு என்று உரிமம் வாங்கியவர் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய முடியாது. மருந்து என்று சொல்லி விற்றால் அங்கேயும் தடை இருக்கிறது. 1954ல் வந்த மருந்துகள் மற்றும் மாய சிகிச்சை விளம்பரச் சட்டம், குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனையும் சேர்த்திருக்கிறது. இந்த ஆசையைக் காட்டிப் பணம் பறிப்பார்கள் என்று பல பத்து வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள்.

உங்களுக்கு விற்ற அந்த அக்கா, ஆள் சேர்த்து விற்கும் நேரடி விற்பனைக் கம்பெனியில் இருந்தால், 2021 விதிகளின்படி அவர் அடையாள அட்டை காட்டியிருக்க வேண்டும், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் முறையையும் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். பதில் வராவிட்டால் 1915க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழில் பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். தெரிந்த ஆளாயிற்றே என்று தயங்குவீர்கள், எனக்குப் புரிகிறது. அவரும் யாரிடமோ காசு கொடுத்து மாட்டியிருக்கலாம், அதனால் கோபத்தில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் எண்ணெயும்தான் நம்மைப் பெருக்க வைக்கிறது என்று ஒரு வீடியோ. கிழங்கை நிறுத்தி ஓட்ஸ் வாங்கவா? (குளச்சல் வாசகர்)

பதில்: வேண்டாம். திருவிதாங்கூர் ராஜா விசாகம் திருநாள் 1880களில் ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பயிர், நம் தாத்தா பாட்டி பஞ்ச காலத்தில் உயிர் பிழைத்ததே அதில்தான். கிழங்கு சோற்றைப் போல மாவுச்சத்து, அவ்வளவுதான். சோற்றுக்குப் பதிலாகச் சாளைக்கறியோடு தின்றால் தொந்தரவு இல்லை, சோற்றுக்கு மேலே அதையும் தின்றால்தான் கூடும். அதையே சிப்ஸாகப் பொரித்துவிட்டால் கதை வேறு. ஏத்தங்காய் சிப்ஸும் அப்படியே, 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் இருக்கும், பேருந்தில் நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கவர் காலியாகிவிடும்.

எண்ணெயில் எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்று பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி அளவில் இருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு நாளுக்கு 23 கிராம் வரும், அது பரவாயில்லை. 5 லிட்டர் டின் அதே மாதத்தில் தீர்ந்தால் 38 கிராம். 'லிட்டருக்கு 12 ரூபாய் மிச்சம்' என்று பெரிய டின் வாங்கும்போது கை தாராளமாகிவிடுகிறது, அதனால் ஒரு லிட்டர் கவராகவே வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டும் பிரவுன் பிரெட்டும் இரண்டு மடங்கு விலை. வாங்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சுகர் ஃப்ரீ என்று போட முடியாது, ஆகவே அந்த வார்த்தை பொய்யாக இருக்காது. ஆனால் பலவற்றில் பட்டியலின் முதல் பெயர் மைதாவாக இருக்கும், பிறகு பாமாயில், சிலதில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி, அது ரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். பிரெட்டிலும் முதல் பெயரைப் பாருங்கள், கோதுமை மாவுக்கு முன்னால் மைதா வந்தால் அந்த நிறம் கேரமல் நிறமியாக இருக்கலாம். அந்தக் காசுக்கு வடசேரி சந்தையில் சிறுபயறு வாங்கி அவித்துக் கொடுங்கள், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

கேள்வி: பள்ளிக்கூட வாசலிலேயே இரண்டு கடை, கலரும் பாக்கெட் சிப்ஸும். தலைமையாசிரியர், கடை வெளியே இருக்கிறது, நாங்கள் என்ன செய்ய என்கிறார். (மார்த்தாண்டம்)

பதில்: செய்ய முடியும். பள்ளிக் குழந்தைகளுக்கான உணவு விதிகள் 2020ல் வந்தன. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் கூடின தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், எந்தத் திசையிலும் பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்பது அதில் உண்டு. தனியாகப் போகாமல் பெற்றோர் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு மனு, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. மனு கொடுத்ததற்கு ரசீது எண் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு நாள் அந்தக் கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள், அவரும் நம் ஊர்க்காரர்தானே, பிள்ளைகளை வைத்துத்தான் பிழைக்கிறார். கடலை மிட்டாய், அவித்த கடலை, மட்டிப்பழம், சீனி குறைத்த எலுமிச்சைச் சாறு வைத்தால் நாங்களே பிள்ளைகளிடம் காசு கொடுத்து அனுப்புகிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.