ஆலை கைமாறினால்: கேள்வி பதில்

எங்கள் நூற்பாலையை வேறொருவர் வாங்கிவிட்டார். எனக்கு 14 வருட சர்வீஸ். "இன்று சேர்ந்த ஆளாகத்தான் எடுப்பேன்" என்கிறார்.

அவர் சொல்லிவிட்டால் சட்டமாகிவிடாது. 1947 தொழில் தகராறு சட்டத்தில் 25-எஃப்எஃப் பிரிவு இதற்கென்றே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே ஏற்பாடுதான். இழப்பீடு தராமல் விற்க மூன்று நிபந்தனை: சர்வீஸ் அறுபடக் கூடாது, சம்பளமும் சலுகைகளும் குறையக் கூடாது, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் பழைய வருடங்களுக்கும் சேர்த்துத் தரப் புதியவர் கட்டுப்பட வேண்டும். உங்கள் விஷயத்தில் முதலாவதே இல்லை. வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் என்று 210 நாளுக்கானதைப் பழைய முதலாளியிடம் கேளுங்கள். ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் உண்டு. பணிக்கொடை தனிக் கணக்கு. ராஜினாமாக் கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். "அவனாகப் போனான்" என்று முடித்துவிடுவார்கள்.

பங்குகள் மட்டும் கைமாறின. இழப்பீடு உண்டா?

இல்லை. கம்பெனி அதேதான், முதலாளியும் சட்டப்படி அதே கம்பெனிதான்.

நான் மேனேஜர்.

இந்தப் பிரிவு தொழிலாளிக்கு மட்டும். நியமன உத்தரவை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

புதியவரிடம் போக விருப்பமில்லை.

போக வேண்டாம். சம்மதமில்லாமல் வேறு நிர்வாகத்தின் கீழ் வேலை செய்யச் சொல்ல முடியாதென்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இழப்பீட்டையும் வாங்கிக்கொண்டு புதியவரிடம் வேலையும் உரிமையாகக் கேட்கலாம் என்கிறார் எங்கள் சங்கத் தலைவர்.

தலைவருக்கு என் வணக்கம். அனகாபல்லி சர்க்கரை ஆலையைக் கூட்டுறவுச் சங்கம் வாங்கியபோது இதே வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலை போனதற்குத்தான் இழப்பீடு, அதை வாங்கிய பிறகு அதே வேலையையும் கேட்க முடியாது என்று 1962-ல் தீர்ப்பு.

தலைவர்தான் எழுதுகிறேன். ஆளும் அதே, இயந்திரமும் அதே. இது அநியாயமில்லையா?

நாற்பது வயதில் தெருவுக்கு வருகிறவனுக்கு அந்தப் பணம் எத்தனை நாள் வரும் என்று நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். புதியவரோடு பேசி வேலை வாங்குவதை யாரும் தடுக்கவில்லை. விற்பனைக்கு முன்பே ஒப்பந்தம் போட்டால் இன்னும் நல்லது. சங்கத்துக்கு அங்கேதான் வேலை.

சும்மா ஃபார்மாலிட்டிக்கு ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள்.

முதல் பதிலைப் படியுங்கள். இன்று மட்டும் இதைக் கேட்பவர் நீங்கள் நாலாவது ஆள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன் ஐயா.

எப்போது? தேதியோடு, கடித நகலோடு, யார் முன்னிலையில் வாங்கினார்கள் என்பதோடு உடனே எழுதுங்கள். மற்றவர்கள் காத்திருக்கட்டும்.