பேரரசுக்கு ஏன் அவ்வளவு காலம் ஆனது?

அன்புள்ள ஐயா,

மசாடா கோட்டை வீழ்ந்ததோடு ரோமுக்கு எதிரான யூதர்களின் கிளர்ச்சி முடிந்துபோனது என்றே நினைத்திருந்தேன். அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்து பார் கோக்பா தலைமையில் இன்னொரு போர் நடந்ததாகப் படித்தேன். யூதேயா என்ற ஒரு சின்ன மாகாணத்தை அடக்க ரோமுக்கு ஏன் மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது?

ர., தஞ்சாவூர்

அன்புள்ள ர.,

முதல் காரணம், இது திடீரென வெடித்த கலகம் அல்ல. ரோமப் படைக்கு ஆயுதம் செய்து கொடுக்க வேண்டிய யூதக் கொல்லர்கள் வேண்டுமென்றே மட்டமாகச் செய்தார்களாம். 'இது வேண்டாம்' என்று ரோமர் திருப்பிவிட்டதெல்லாம் கிளர்ச்சிக்காரர்களுக்கு! ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ சொல்லும் கதை இது. மண்ணுக்கடியில் சுரங்கம் வெட்டி, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மேலே துளை விட்டதையும் அவரே எழுதுகிறார். அப்படிப்பட்ட நிலவறைகளை யூதேயக் குன்றுகளில் இன்றும் பார்க்கலாம்.

கி.பி. 132இல் போர் மூண்டது. கடைசியில் பேரரசர் ஹாட்ரியன் பிரிட்டனில் ஆளுநராக இருந்த ஜூலியஸ் செவரஸை வரவழைத்தார். செவரஸ் நேருக்கு நேர் மோதவில்லை. கிளர்ச்சிக்காரர்களைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து, வளைத்து, சோறு தண்ணீர் போகாமல் அடைத்தார். காலம் பிடித்தது அதனால்தான். சாக்கடலுக்கு மேற்கே நஹல் ஹெவர் பள்ளத்தாக்கில் மக்கள் ஒளிந்திருந்த குகைகளுக்கு நேர் மேலே, பாறை உச்சியில், ரோமர் போட்ட முகாமின் கல்சுவர்கள் இன்னும் இருக்கின்றன. இறங்கிப் போய்ச் சண்டை போட வேண்டிய தேவையே இல்லை, காத்திருந்தால் போதும்.

அந்தக் குகைகளில் ஒன்றில் 1960இல் தொல்லியலாளர் யிகேல் யாதினின் குழு பார் கோக்பாவின் கடிதங்களைக் கண்டெடுத்தது. எனக்குப் போரைவிட இவைதான் சுவாரசியம். மீட்பர் என்று சிலர் கொண்டாடிய மனிதர், சாக்கடல் கரையிலுள்ள எய்ன் கெதியில் இருந்த தன் ஆட்களை, 'நீங்கள் சுகமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறீர்கள், சகோதரர்களைப் பற்றிக் கவலையே இல்லை' என்ற தொனியில் திட்டுகிறார். இன்னொன்றில் இரண்டு கழுதைகளை அனுப்பி, யூதர்களின் கூடாரப் பண்டிகைக்குப் பேரீச்சங்குருத்தும் எத்ரோக் என்னும் நாரத்தை வகைப் பழமும் கேட்கிறார். போர் நடக்கும்போது கழுதையை இதற்கு விடுவதா என்று நமக்குத் தோன்றும். அந்தச் சடங்குகளுக்காகவும்தானே அவர்கள் போரிட்டார்கள்.

135இல் கிளர்ச்சிக்காரர்களின் கடைசிக் கோட்டையான பெத்தார் விழுந்தது. 985 ஊர்கள் அழிந்தன, 5,80,000 பேர் மாண்டனர் என்று டியோ கணக்குச் சொல்கிறார். முழுதாக நம்ப எனக்குத் தயக்கம்தான். ஆனால் ரோமர் பக்க இழப்பும் லேசானதல்ல. 'நானும் படைகளும் நலம்' என்று செனட்டுக்கு எழுதுவது பேரரசர்களின் வழக்கம். ஹாட்ரியன் அந்த வரியை விட்டுவிட்டார்.